மடிக்கு ஒத்திகை

எங்கள் வழக்கத்தில், மாப்பிள்ளை தாலி கட்டும் நேரத்தில் பெண் தன் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். நெல் மூட்டைமேல் அப்பா, அப்பாமேல் பெண், எதிரில் நின்றுகொண்டு மாப்பிள்ளை. எங்கள் பெண்ணுக்குச் சித்திரையில் முகூர்த்தம் என்று முடிவானபோது, நெல் மூட்டை கிடக்கட்டும், மெத்தை வைத்த நாற்காலியில்கூட ஒரு காபி ஆறுகிற நேரம் என்னால் உட்கார முடியாத நிலைமை.

நின்றால் ஒன்றுமில்லை. நடந்தால் இன்னும் சுகம். உட்கார்ந்தால் போச்சு. வலது பின்பக்கத்தில், நல்ல ஆழத்தில், யாரோ உள்ளே குடியிருந்துகொண்டு கட்டைவிரலால் அழுத்துவது போல ஆரம்பிக்கும். அழுத்திக்கொண்டே இருந்துவிட்டு, திடீரென்று தொடையின் பின்பக்கமாக ஒரு மின்சாரக் கம்பியைக் கெண்டைக்கால்வரை இறக்கிவிடும். சர்வீஸ் முழுக்க உட்கார்ந்தே சம்பளம் வாங்கி, உட்கார்ந்தே ரிட்டயர் ஆனவன் நான். எனக்குத் தெரிந்த ஒரே தொழிலில் கைவைத்துவிட்டது வலி.

கல்யாணத்தில் பெண்ணின் அப்பாவுக்கு இருந்த வேலைகளையெல்லாம் இப்போது காண்ட்ராக்டர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். சமையல், பந்தல், நாகஸ்வரம், பூ, வாசலில் பன்னீர் தெளிப்பதுவரை எல்லாவற்றுக்கும் ஆள் உண்டு. காண்ட்ராக்டில் சேராமல் மிஞ்சியது என் மடி ஒன்றுதான். அதுவும் ரிப்பேர்.

பத்திரிகை கொடுக்கக் கிளம்பியபோதுதான் உலகத்தில் உட்காருவதற்கு எவ்வளவு மரியாதை என்று தெரிந்தது. ஒரு வீட்டுக்குள் போய் உட்காராமல் பத்திரிகையை நீட்டினால் அது அழைப்பு இல்லை, நோட்டீஸ். மலையாள தேசத்துக் கோட்டைக்குள் இருக்கிற எங்கள் தமிழ்த் தெருவிலேயே வீட்டுக்கு வீடு மின்சார மீட்டர் பார்க்க வந்தவன் மாதிரி நின்றேன். மலையடிவாரத்தில், வித்துராவில் தூரத்து உறவு ஒன்று உண்டு. காரின் பின்சீட்டில் படுத்துக்கொண்டே அங்கே போய்ச் சேர்ந்தேன்.

"ஏன் நின்னுண்டே இருக்கேள்? எங்க பேர்ல கோவமா?" என்றார் அந்த வீட்டு மாமி.

"இல்லை மாமி, பழக்கம்."

"நின்னுண்டு காபி குடிக்கறது பழக்கமாக்கும்?"

"அவருக்கு இடுப்பு மாமி" என்று என் மனைவி காப்பாற்றினாள்.

திரும்பும்போது டிரைவர், இவ்வளவு தூரம் வந்தாச்சு, கல்லாறு பக்கத்தில்தான், ஆற்றில் கால் நனைத்துவிட்டுப் போகலாமே என்றார். "போன ஓணத்துக்கு நனைச்சது போறும்" என்றாள் மனைவி. நான் படுத்தபடி காரின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடுப்பு என்று அவள் சொன்னது பொய் என்று சொல்லமாட்டேன். நாங்கள் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். வலி இருந்த இடம் அப்படி. காது வலி, பல் வலி என்றால் கம்பீரமாகச் சொல்லலாம். முட்டி வலிக்கு ஊரே உங்களோடு சேர்ந்து முட்டியைத் தடவும். இந்த இடத்துக்குக் கௌரவமான பெயர் ஒன்று சமஸ்கிருதத்தில் உண்டு. அதைச் சொன்னால் கேட்பவர் சிரிப்பார். மற்ற பெயர்களைச் சொன்னால் மனைவி சிரிக்கமாட்டாள். ஆகவே, கையை ஒரு சாண் மேலே கொண்டுபோய் பெல்ட் போடுகிற இடத்தில் வைத்து, "இங்கே" என்பேன்.

எலும்பு டாக்டரிடமும் இதே கதைதான். கையை அங்கே வைத்து, வலி காலில் இறங்குகிறது என்றேன். இடுப்பும் காலும் சேர்ந்தால் யாராக இருந்தாலும் முதுகெலும்பு டிஸ்க்கைத்தான் சந்தேகப்படுவார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். எல் ஃபோர், எல் ஃபைவ் நடுவில் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட். 'பல்ஜ்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு உள்ளூர ஒரு அந்தஸ்து வந்துவிட்டது. எங்கள் தெருவில் டிஸ்க் இல்லாத பென்ஷன்காரர் கிடையாது. இனி நானும் சங்கத்தில் உண்டு. அந்த சந்தோஷத்தில் ரிப்போர்ட்டின் அடுத்த வரியைப் படிக்கவில்லை. டாக்டர் பெல்ட், மாத்திரை, ஓய்வு என்று எழுதிக் கொடுத்தார். நான் இடுப்பைக் காட்டினேன், அவர் இடுப்புக்கு வைத்தியம் பார்த்தார். அவரைக் குறை சொல்ல வழியே இல்லை.

ஓய்வு என்றால் எனக்குத் தெரிந்தது சாய்வு நாற்காலி. ஓய்வெடுக்க எடுக்க வலி ஏறிக்கொண்டே போனது.

இந்த இடத்தில் என் மச்சினனை அறிமுகப்படுத்தியாக வேண்டும். மனைவியின் தம்பி. தினமும் யோகாசனம், வாரத்தில் ஒருநாள் பட்டினி, மீதி நாள்களில் புத்திமதி. அவன்தான் ஃபோனில் ஒரு வீடியோ காட்டினான். டென்னிஸ் பந்தைத் தரையில் வைத்து அதன்மேல் மெதுவாகச் சாய்ந்து உருட்டினால் தசை இளகும் என்று ஒரு வெள்ளைக்காரர் சொன்னார். எங்கள் வீட்டில் டென்னிஸ் பந்து இல்லை. பரணில் ஒரு கிரிக்கெட் பந்து இருந்தது, அசல் தோல் பந்து. மெதுவாகச் சாய்வதில் எனக்குப் பொறுமையும் இல்லை. அதன்மேல் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நான் உட்கார்ந்தது குளியலறையில் மட்டும்தான், அதுவும் ரொம்ப யோசித்து.

"அத்திம்பேர், நான் ஒண்ணு சொல்லட்டா? தப்பா எடுத்துக்கப்பிடாது" என்றான் மச்சினன். "மாமா ஸ்தானத்துல நானும் கன்னிகாதானம் பண்ணிக் கொடுக்கலாம். வேணும்னா நான் உக்காந்துக்கறேன். எனக்கு இந்தப் பிரச்சினையெல்லாம் கிடையாது."

"உனக்கு எந்தப் பிரச்சினையும் கிடையாதுங்கறதுதான் எனக்குப் பிரச்சினை" என்றேன்.

அன்று சாயங்காலம் பெங்களூரிலிருந்து பெண் ஃபோன் பண்ணினாள். அதற்குள் விஷயம் அவளுக்குப் போயிருந்தது. "அப்பா, எனக்கு இருபத்தெட்டு வயசாறது. மடில உக்காரணும்னா எனக்கே சிரிப்பு வரது. அந்த ஐட்டத்தை விட்டுடலாம். நாற்காலி போட்டுக்கறேன்."

"நாற்காலியா உன்னை வளர்த்தது?" என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஃபோனை வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு இல்லை.

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கட்டிக்கொள்வதில்லை. தொட்டுக்கொள்வது என்றால் ஜுரம் பார்க்க நெற்றியில் புறங்கையை வைப்பதுதான். பெண்ணுக்கு நல்ல ஆரோக்கியம், ஜுரம்கூட அதிகம் வந்ததில்லை. வேலை கிடைத்து ரயில் ஏறிய அன்றுகூட அவள் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டேன், கையைப் பிடிக்கவில்லை. இப்படிப்பட்ட ஆசாமிக்கு, கூச்சப்படாமல், ஊர் பார்க்க, பெண்ணை ஒரு தடவை மடியில் வைத்துக்கொள் என்று வழக்கமே உத்தரவு போட்டுக் கொடுத்திருக்கிறது. அதை மச்சினனுக்கு விட்டுக்கொடுப்பதா? அதுவும் பட்டினி கிடக்கிற மச்சினனுக்கு?

மனைவி வேறு ஒரு டாக்டரைக் கண்டுபிடித்தாள். ஆபரேஷன் செய்கிறவர் இல்லை. உடம்பின் அசைவைப் பார்த்து வைத்தியம் பண்ணுகிற ஃபிசிக்கல் மெடிசின் டாக்டர். நடுவயதுப் பெண்மணி. அவர் பேசியதெல்லாம் மலையாளம். எனக்குக் கேட்டபடி தமிழில் எழுதுகிறேன்.

ஸ்கேன் கவரை விசிட்டிங் கார்டு மாதிரி நீட்டினேன். அவர் அதைத் திறக்காமல் மேஜை ஓரத்தில் வைத்தார். "படம் அப்புறம் பார்க்கலாம். முதலில் சாரைப் பார்க்கிறேன். எங்கே வலி?"

பெல்ட்டின்மேல் கையை வைத்தேன்.

"கை வேண்டாம். ஒரு விரலால் காட்டுங்கள்."

ஒரு விரலை அதே பெல்ட்டின்மேல் வைத்தேன்.

"அங்க இல்லை டாக்டர்" என்றாள் மனைவி. "கீழ. இன்னும் கீழ. அவர் காட்டமாட்டார். பந்து மேல உக்காந்தவர்ட்ட கேளுங்கோ, எங்க வெச்சு உக்காந்தார்னு."

குதிகாலில் நிற்கச் சொன்னார், நுனிக்காலில் நிற்கச் சொன்னார், சின்னச் சுத்தியலால் முட்டியில் தட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை நீட்டியபடியே மேலே தூக்கினார். டிஸ்க் நரம்பை நெருக்கினால் இதில் உயிர் போகுமாம். எனக்குப் போகவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பிறகு இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வலது முட்டியை மடக்கி, குறுக்கே கொண்டுபோய்க் கீழே அழுத்தினார். நான் தமிழில் கத்தினேன். கடைசியாகப் பின்பக்கத்தில் ஓரிடத்தில் கட்டைவிரலை வைத்தார். உள்ளே குடியிருந்தவனின் கட்டைவிரலுக்கு நேர்மேலே.

"இவிடெயோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் கெண்டைக்கால் துள்ளிப் பதில் சொன்னது.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். பின்பக்கத்துப் பெரிய தசைக்கு அடியில், பேரிக்காய் வடிவத்தில் ஒரு சின்னத் தசை இருக்கிறது. பிரிஃபார்மிஸ் என்று பெயர். காலுக்குப் போகிற பெரிய நரம்பு, சயாட்டிக் நரம்பு, அதற்கு அடியில் நுழைந்துதான் வெளியே வருகிறது. அந்தத் தசை முறுக்கிக்கொண்டால் கீழே இருக்கிற நரம்புக்கு மூச்சு முட்டுகிறது. உட்கார்ந்தால் மேலேயிருந்தும் அழுத்தம். முதுகு எலும்பு வேறு, இது வேறு. ஆனால் காலில் இறங்குகிற வலி மட்டும் இரண்டுக்கும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பிறகுதான் ஸ்கேன் ரிப்போர்ட்டைத் திறந்தார். நான் படிக்காத அந்த அடுத்த வரியைப் படித்தார். டிஸ்க் நரம்பைத் தொடவில்லை.

"இந்த வயதில் யார் முதுகைப் படம் எடுத்தாலும் ஏதாவது இருக்கும், சாரே. இருப்பதெல்லாம் வலிக்க வேண்டும் என்று இல்லை."

சங்கத்திலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள் என்று புரிந்தது.

"எப்போதாவது கீழே விழுந்தீர்களா?"

"இல்லை."

"கல்லாறு" என்றாள் மனைவி.

"அது விழுந்ததில்லை. உக்காந்தேன்."

டாக்டர் நிமிர்ந்தார். "எதன்மேல் உட்கார்ந்தீர்கள்?"

"பாறைமேல்."

"எங்கிருந்து?"

"நின்ற இடத்திலிருந்து."

நடந்தது இதுதான். ஓணம் லீவில் குடும்பத்தோடு கல்லாறு போயிருந்தோம். மச்சினன் ஃபோட்டோ எடுக்கிறேன் என்றான். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆற்றுக்குள் இருந்த பாறையில் ஏறி, ஒரு காலை முன்னே வைத்துக் கைகட்டி நின்றேன். பாசி. அடுத்த நொடி அதே பாறையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்தால்தான் விழுந்தது தெரியும் என்று எழாமல் சிரித்தேன். மச்சினன் கிளிக் பண்ணிவிட்டான். இயற்கை அழகில் லயித்து உட்கார்ந்திருப்பதாக எல்லோரும் சொன்ன அந்தப் படம் இன்றுவரை குடும்ப வாட்ஸ்அப் குரூப்பின் முகப்பில் இருக்கிறது. வலி ஆரம்பித்தது நன்றாகத் தள்ளி, கார்த்திகையில். அதனால் எனக்கே இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. உட்கார்ந்தேன் என்று அத்தனை பேரிடம் சொல்லிச் சொல்லி, நானே நம்பிவிட்டிருந்தேன்.

டாக்டர் எழுதினார். எட்டிப் பார்த்தேன். ஆங்கிலத்தில், வீழ்ச்சி என்றுதான் எழுதியிருந்தார்.

"சித்திரைக்குள் மடியில் கனம் வைத்துக்கொண்டு உட்கார முடியுமா, டாக்டர்?" என்று கேட்டேன்.

"என்ன கனம்?"

"ஒரு பொண்ணு" என்றாள் மனைவி.

வழக்கத்தை விளக்கியதும் டாக்டர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் மூட்டையின் உயரத்தைக் கேட்டார். இடுப்பு முட்டியைவிட உயரமாக இருந்தால் அந்தத் தசை அவ்வளவு இழுபடாது. தாழ்ந்த மூட்டை ஆகாது, பாதம் இரண்டும் தரையில் பதிந்திருக்க வேண்டும் என்றார். "உறுதியாகச் சொல்லமாட்டேன். சிலருக்குச் சீக்கிரம் விடும், சிலருக்கு மாதக்கணக்காகும். முயற்சி பண்ணலாம்."

முதலில் ஊசி. அல்ட்ராசவுண்டில் பார்த்துப் பார்த்து அந்தப் பேரிக்காய்க்குள்ளேயே மரத்துப்போக வைக்கிற மருந்தை இறக்கினார். வலி உடனே விட்டால் குற்றவாளி அதுதான் என்று தீர்மானம். ஆனால் மருந்தின் குணம் நிலைக்காது, நிலைப்பது பயிற்சியில்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். வெளியே வந்து வராந்தாவில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் பயந்து பயந்து உட்கார்ந்தேன். கட்டைவிரல் இல்லை. கம்பி இல்லை. எத்தனையோ நாளைக்கு அப்புறம், உட்கார்ந்திருப்பது ஒன்றுமே இல்லாத ஒரு விஷயமாக இருந்தது.

"வாங்கோ, ஆட்டோ வந்துடுத்து" என்றாள் மனைவி.

"இரு. கொஞ்சம் உக்காந்துக்கறேன்."

அவள் ஆட்டோக்காரரை அனுப்பிவிட்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் பயிற்சி. மல்லாந்து படுத்து, வலது கணுக்காலை இடது முட்டியின்மேல் போட்டு, இரண்டையும் நெஞ்சை நோக்கி இழுக்க வேண்டும். படுத்தபடியே இடுப்பைத் தூக்கிப் பாலம் மாதிரி நிறுத்த வேண்டும். ஒருக்களித்துக் காலைத் தூக்க வேண்டும். தசையை இளக்கினால் மட்டும் போதாது, அதைச் சுற்றியிருக்கிற சோம்பேறித் தசைகளுக்கும் வேலை கொடுக்க வேண்டுமாம். என் ஆபீஸ் ஞாபகம் வந்தது. இதெல்லாம் நடந்தது ஹாலில், கல்யாணப் புடவைகளுக்கு நடுவில். சுவரில் முதுகைச் சாய்த்து, இல்லாத நாற்காலியில் உட்காருவது போல நிற்பதும் ஒன்று உண்டு. தொடை நடுங்கும். பந்துக்கு மட்டும் தடை.

வலி ஒரேயடியாகப் போகவில்லை. ஒருநாள் காணாமல் போகும். சந்தோஷத்தில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுவேன். மறுநாள் திரும்பி வரும், பெட்டி படுக்கையோடு. ஆனாலும் காபி ஆறும்வரை உட்கார முடிந்தது. பிறகு குடித்து முடிக்கும்வரை. அப்போதுதான் டாக்டர், கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் வைத்துப் பாருங்கள் என்றார்.

சாலை பஜாரில் எங்கள் அரிசிக்கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். மலையாளத்துச் சிவப்பு அரிசி, மட்டை அரிசி, ஒரு மூட்டை கேட்டேன். "கல்யாணத்துக்கா சார்?" என்றார்.

"ஆமாம். மடிக்கு" என்றேன். மனிதர் மேற்கொண்டு கேட்கவில்லை.

உயரமான ஸ்டூலில் நான் உட்காருவேன். மனைவி சாக்கில் அரிசியைப் போட்டு என் மடியில் வைப்பாள். தாங்கினால் மறுநாள் இன்னும் கொஞ்சம் அரிசி. தாங்காவிட்டால் கொஞ்சம் எடுப்பாள். சனிக்கிழமை காலை அப்படி உட்கார்ந்திருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் பெங்களூரிலிருந்து பெண் வந்து நின்றாள். தோளில் இன்னும் பை.

"அப்பா, என்ன இது?"

"நீ."

"நானா?"

"உன்னில முக்கால் பாகம். உங்கம்மா இன்னும் ரொப்பிண்டிருக்கா."

அவள் வந்து சாக்கைத் தொட்டுப் பார்த்தாள். "மட்டை அரிசியா? பொன்னிக்குக்கூட நான் தகுதி இல்லையா?"

"சாப்பிடற அரிசியை மடில வெச்சுக்க உங்கம்மா விடமாட்டேங்கறாளே."

அவள் சிரிக்கவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டு என் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "வலிக்கறதா?"

"அரிசிக்கு வலிக்காது."

"நான் கேட்டது அது இல்லை."

"கொஞ்சம்" என்றேன்.

"வேண்டாம்னா கேக்கமாட்டே."

"மாட்டேன்."

சரி, நீ பண்ணுகிற பயிற்சியெல்லாம் காட்டு என்றாள். பெருமையாக ஒவ்வொன்றாகச் செய்து காட்டினேன். சுவரில் சாய்ந்து இல்லாத நாற்காலியில் உட்காருவதை மட்டும் அவளும் பக்கத்தில் நின்று செய்தாள். முட்டி எவ்வளவு மடங்க வேண்டும், கனம் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். அப்பாவுக்குத் துணையாகச் செய்கிறாள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கல்யாணம் பண்ணிவைக்கிற வாத்தியாரிடம், ஒன்றுக்குப் பதில் இரண்டு மூட்டை போடலாமா என்று கேட்டேன். அவர் கண்ணை மூடி யோசித்தார். "மூட்டைக்கு இத்தனை உயரம்னு எங்கயும் சொல்லலை. பேஷா போடலாம். மாப்பிள்ளை குள்ளமா?"

"நெட்டை."

"அப்ப சரி. கைக்கு எட்டினாப் போறும்."

முகூர்த்தத்தன்று காலையில் வலி லேசாக இருந்தது. பத்திரிகை கிடைத்த விருந்தாளி மாதிரி நேரத்துக்கு வந்திருந்தது. மச்சினன் பஞ்சகச்சம் கட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் தயாராக நின்றான், ஒருவேளை தேவைப்பட்டால் என்று. இரண்டு மூட்டைமேல் ஏறி, பாதத்தைப் பதித்து உட்கார்ந்தேன். பெண் வந்தாள். மடிசாரும் மாலையுமாக, முகம் திருப்பி, மடியில் உட்கார்ந்தாள்.

கனமே இல்லை.

மடியில் ஒரு புடவை விழுந்த மாதிரி இருந்தது. முக்கால் பாகம் அரிசியைத் தூக்கினவனுக்கு முழுப் பெண் ஒன்றுமே இல்லையா? வியாதி தீர்ந்துவிட்டது என்றே ஒரு கணம் நினைத்தேன். அப்புறம்தான் அவள் தொடை நடுங்குவது புடவைக்கு மேலேயே தெரிந்தது. கால் விரல்கள் மணையில் வெளுத்துப்போய் ஊன்றியிருந்தன. பெங்களூரில் எத்தனை நாள் சுவரில் சாய்ந்து பழகினாளோ, இங்கே சுவர் இல்லாமலே, என்மேல் கனம் இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

"உக்காரு" என்றேன் காதருகில்.

"உக்காந்துண்டுதான்ப்பா இருக்கேன்."

விழுந்ததை உட்கார்ந்ததாக ஊர் முழுக்கச் சொன்னவன் நான். உட்காராததை உட்கார்ந்ததாகச் சொல்கிறவளை எனக்குத் தெரியாதா?

"பொய். இது உக்காந்தது இல்லை."

"உனக்கு வலிக்கும்."

"வலிக்கட்டும். உக்காரு."

வாத்தியார் மந்திரத்தை நிறுத்தாமல் எங்களை ஒரு பார்வை பார்த்தார். மாப்பிள்ளை திருமாங்கல்யத்தைக் கையில் எடுத்தாயிற்று. அவள் ஒரு மூச்சு விட்டாள். பிறகு மெதுவாக, இடுப்பு, முதுகு, தோள் என்று ஒவ்வொன்றாக, என்மேல் இறங்கினாள். மனைவியின் அரிசிக் கணக்கு தப்பு. நிறையத் தப்பு. உள்ளே குடியிருந்தவன் கட்டைவிரலை வைத்தான். கம்பி தொடையில் இறங்க ஆரம்பித்தது. அவள் தலைப்பூ என் மூக்கில் குத்தியது. விழாமல் இருக்க இரண்டு கையாலும் அவளைப் பிடித்துக்கொண்டேன். கெட்டி மேளம் காதை அடைத்தது.

முடிச்சு விழுந்தது. அவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அட்சதை தலையிலும் மடியிலும் சிதறிக் கிடந்தது. மச்சினன் குனிந்து கையை நீட்டினான்.

"அத்திம்பேர், பிடிச்சுக்கோங்கோ. மெதுவா எழுந்துக்கலாம்."

"இரு" என்றேன். "கொஞ்சம் உக்காந்துக்கறேன்."